காற்று யாருக்கு வீசுகிறது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஏட்டை விரித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் உங்களை அரை நூற்றாண்டுக்கு முந்திய இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நாடு டென்மார்க். ஆண்டு 1973. மாதம் நவம்பர். தலைநகர் கோபன்ஹேகனின் அகன்ற சாலைகளில் ஒரு கார் கூட ஓடவில்லை. மிதிவண்டியில் செல்வோர் சிலர். குழந்தையின் கையைப் பிடித்து நடு வீதியில் நடந்து செல்வோர் பலர். ஊர்த் திருவிழாவோ என்று எண்ணத் தோன்றும். திருவிழா அன்று, தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசு ஆணையிட்டிருந்தது.

ஏன் அந்த ஆணை? மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. டென்மார்க்கோ தன் எரிசக்தித் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அயல்நாட்டு எண்ணெயையே நம்பியிருந்தது. விளக்கும் எண்ணெயில், வீட்டுக் கணப்பும் எண்ணெயில், ஆலையும் எண்ணெயில். அடுப்பு தன்னுடையது, விறகு பிறனுடையது என்ற நிலையில் இருப்பவன் வீட்டில், சோறு வேகுமா என்பதை அடுத்த வீட்டுக்காரன் அல்லவா தீர்மானிக்கிறான்!

அந்த டென்மார்க்கில் இன்று, ஓர் ஆண்டில் பயன்படும் மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்ட அளவைக் காற்றாலைகள் தருகின்றன. உலகக் கடல்களில் நடப்படும் பெரிய காற்றாலைகள் பலவற்றை அந்நாட்டு நிறுவனங்கள் செய்தளிக்கின்றன. அறுபது லட்சம் மக்களே வாழும் சிறு நாடு இதனை எவ்வாறு சாதித்தது?

"அங்கே காற்று அதிகம்" என்று எளிதாக விடை சொல்லிவிடுவார் உண்டு. காற்று 1973லும் வீசிற்று. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் வீசிற்று. அயர்லாந்திலும் வீசிற்று, ஸ்காட்லாந்திலும் வீசிற்று, நம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் வீசிற்று. வீசுகிற காற்றை விளக்காக்குவதற்கு மூன்று தேவை: கற்ற மக்கள், துணிந்து செய்து பார்க்கும் கைகள், நேர்மையான சட்டம். அவற்றில் முதலாவதாக அங்கே வந்தது பள்ளிக்கூடம் என்பதை நீங்கள் நினைவில் நிறுத்த வேண்டும்.

1864இல் பிரஷ்யாவுடனும் ஆஸ்திரியாவுடனும் நடந்த போரில் டென்மார்க் தோற்றது. நாட்டின் பெரும் பகுதி கைவிட்டுப் போயிற்று. தோற்ற நாடு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழிவாங்கப் படை திரட்டலாம். அல்லது எஞ்சிய மண்ணையும் மக்களையும் வளர்க்கலாம். டேனியர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தனர். குருண்ட்விக் என்ற அறிஞர் முன்பே ஒரு கருத்தை விதைத்திருந்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தனிப் பள்ளிகள் வேண்டும்; அங்கே தேர்வும் பட்டமும் வேண்டா; தாய்மொழி, வரலாறு, தொழில், பொதுவாழ்வு ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது அந்தக் கருத்து. 1844இல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கிய முதல் மக்கள் பள்ளி, அந்த ஊரே பகைவர் கைக்குப் போன பின்னர், புதிய எல்லைக்கு இப்பால் அஸ்கோவ் என்ற சிற்றூரில் மீண்டும் எழுந்தது. குளிர் காலத்தில் ஏர் ஓய்ந்திருக்கும்போது உழவர் மக்கள் அங்கே வந்து தங்கிப் படித்தனர்.

அந்த அஸ்கோவ் பள்ளிக்கு 1878இல் ஆசிரியராக வந்தார் பௌல் லா கூர். வானிலை ஆய்வில் தேர்ந்தவர். தலைநகரில் பெரும் பதவிகளைத் தேடிச் சென்றிருக்கக் கூடியவர். அவர் கண்ட கவலை இது: மின்சாரம் என்ற புதிய ஆற்றல் நகரங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது, நகரம் ஒளிபெற்றுக் கிராமம் இருளில் கிடந்தால், கிராமத்து இளைஞன் கிராமத்தில் தங்குவானா? அரசின் பொருளுதவி பெற்று 1891இல் பள்ளி வளாகத்திலேயே மின்சாரம் ஆக்கும் காற்றாலை ஒன்றை நிறுவினார்.

காற்று நின்றால் என் செய்வது என்ற கேள்வி, இன்று காற்றாலையை எதிர்ப்பவர் கேட்கும் கேள்வி, லா கூர் முன்னாலும் நின்றது. காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜன் வாயுவைத் தொட்டியில் சேமித்து, அதனைக் கொண்டு பள்ளிக்கு விளக்கேற்றினார். சில வேளைகளில் வாயு வெடித்துச் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. மாற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் முயன்றார். இன்று "பசுமை ஹைட்ரஜன்" என்று உலக மாநாடுகளில் பேசப்படும் பொருளின் ஒரு பழைய வேர் அந்தக் கிராமப் பள்ளியில் இருக்கிறது. நிறைய இறக்கைகள் மெல்லச் சுழல்வதைவிடச் சில இறக்கைகள் விரைந்து சுழல்வதே மின்சாரத்துக்கு ஏற்றது என்பதையும் சோதனை செய்து கண்டார்.

கண்டதை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1904இல் கிராமத்து இளைஞர்களுக்கு மின்தொழில் கற்பிக்கும் வகுப்புகளைத் தொடங்கினார். அவர் மறைந்து பத்தாண்டுகளில், 1918 அளவில், டென்மார்க்கின் சுமார் 120 சிற்றூர் மின்நிலையங்களில் காற்றாலை சுழன்றது. அந்த முதல் வகுப்பில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் யோஹன்னஸ் யூல். அவன் முதியவனான காலத்தில், 1957இல், கெட்சர் என்ற கடற்கரை ஊரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை அமைத்தான். மூன்று இறக்கை கொண்ட அந்த எந்திரம் பெரிய பழுது எதுவும் இல்லாமல் 1967 வரை ஓடிற்று. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது, ஆகவே நிறுத்திவிட்டார்கள். ஆனால் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், நிலவுக்கு மனிதனை அனுப்பிய அமெரிக்க விண்வெளி நிறுவனமே அந்தப் பழைய காற்றாலையை மீண்டும் ஓட்டி அளந்து காட்டும்படி கேட்டுக்கொண்டது! 1904இல் ஒரு வகுப்பறையில் விதைத்ததை எழுபது ஆண்டு கழித்து உலகம் வந்து அறுவடை செய்தது. கல்விக்குச் செலவிடும் பணம் எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்ப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி 1973க்குத் திரும்புவோம். நெருக்கடி வந்ததும் அரசு அதிகாரிகள் அணு உலைகளுக்குத் திட்டம் வரைந்தனர். மக்கள் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டு விடவில்லை. மறுத்துக் கூச்சலிட்டதோடு நின்றுவிடவும் இல்லை. ஊர்தோறும் கூடிப் படித்தார்கள், வாதிட்டார்கள். மாற்று வழி உண்டா என்று கேட்டவர்களுக்குத் தச்சர்களும் கொல்லர்களும் விடை சொன்னார்கள். ரீசாகர் என்ற தச்சர், யூலின் கெட்சர் காற்றாலையைப் பின்பற்றித் தம் கொல்லைப்புறத்திலேயே சிறிய காற்றாலை ஒன்றைக் கட்டி மின்கம்பியோடு இணைத்தார். ட்விண்ட் என்ற இடத்துப் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் பிறரும் சேர்ந்து 1975 முதல் மூன்றாண்டு உழைத்து, அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரியதான காற்றாலையை எழுப்பினர். வேளாண் கருவிகள் செய்துவந்த பட்டறைகள் காற்றாலை செய்யத் தொடங்கின.

அதே காலத்தில் பக்கத்து மேற்கு ஜெர்மனியில் என்ன நடந்தது? பெரும் பொருட்செலவில், பெரும் நிறுவனங்களின் துணையோடு, 3 மெகாவாட் திறன் கொண்ட ஒரே ஒரு மாபெரும் காற்றாலையை 1983இல் நிறுவினார்கள். சிறிதாகத் தொடங்கிப் பழுது கண்டு திருத்தி வளரும் பாதையை விட்டுவிட்டு, ஒரே தாவலில் உச்சியைப் பிடிக்க முயன்றார்கள். 1987இல் அதனை நிறுத்தும்வரை மொத்தம் ஓடியது சில நூறு மணி நேரமே. புதுமை காண்பதற்கு அறிவாளியின் மூளை வேண்டும். உடன் கொல்லனின் கையும் உழவனின் அனுபவமும் சேர வேண்டும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான பாடம் இல்லை.

மூன்றாவது தேவை சட்டம் என்றேன். அதற்கு வருகிறேன். 1978இல் ரிசோ என்ற இடத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் ஒன்றை டென்மார்க் அரசு அமைத்தது. 1979இல் காற்றாலை வாங்குவோருக்கு விலையில் நூற்றுக்கு முப்பது பங்கை அரசே தருவதாக அறிவித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: சோதனை நிலையம் ஒப்புதல் அளித்த எந்திரத்துக்கு மட்டுமே உதவி. ஆகவே உதவிப் பணத்தோடு தரமும் வளர்ந்தது. எந்திரத்தின் விலை குறையக் குறைய உதவியைக் குறைத்து, பத்தாண்டில் நிறுத்தியும் விட்டார்கள். நடக்கப் பழகிய குழந்தைக்கு நடைவண்டி எதற்கு?

இன்னொரு விதியைத்தான் நீங்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஊரார் கூடிக் கூட்டுறவாகக் காற்றாலை வாங்கலாம். ஆனால் பங்கு வாங்குவோர் அந்தப் பகுதியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், ஒரு குடும்பம் வாங்கும் பங்குக்கு வரம்பும் உண்டு. தலைநகரத்துச் செல்வர் ஒருவர் நூறு கிராமத்துக் காற்றையும் வளைத்துப்போட முடியாது. ஆசிரியர், செவிலியர், பால் பண்ணைக்காரர் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைக்குப் பங்குதாரர் ஆயின. எந்திரத்தின் ஓசையைக் கேட்பவனுக்கே எந்திரத்தின் வருவாயும் கிடைத்தபோது, அந்த ஓசை அவனுக்கு இசையாயிற்று. 1985இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அணு உலையைத் திட்டத்திலிருந்து விலக்கியபோது, மக்கள் கையில் மாற்றுவழி ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது. 2000இல் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே கடலில் எழுந்த இருபது காற்றாலைகளில் பாதி, ஏறத்தாழ 8,500 உறுப்பினர் கொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் உடைமை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணெயைக் கைவிட்ட டென்மார்க் முதலில் ஓடியது நிலக்கரியிடம். நெடுங்காலம் அதன் மின்நிலையங்கள் கரியையே தின்றன. வட கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்தும் செல்வம் சேர்த்தது. காற்று குறையும் வேளையில் நார்வேயின் மலை நீர்த்தேக்கங்கள் அதற்குக் கை கொடுக்கின்றன. காற்றாலைகள் வானளாவ வளர்ந்து விலையும் வளர்ந்தபின், சிறு கூட்டுறவுகளின் இடத்தைப் பெருங்குழுமங்கள் பிடித்து வருகின்றன. எந்த நாடும் கோவில் அன்று, நாம் வலம் வந்து வணங்குவதற்கு. பாடம் எங்கே இருக்கிறதோ அங்கே படித்துக்கொள்வோம்.

டென்மார்க் நமக்கு எங்கோ இருக்கும் நாடு என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் எழுந்தது. அதனைத் தொடர்ந்து 1980களின் இறுதியில் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் எழுந்த முன்னோடிப் பண்ணைகளுக்கு டென்மார்க் அரசின் உதவி வந்தது. கயத்தாற்றில் இருக்கும் காற்றாலைச் சோதனை நிலையமும் அந்நாட்டுத் துணையோடு அமைந்ததே. எந்திரம் வந்தது, எந்திரத்தைச் சோதிக்கும் கலையும் வந்தது. அந்த எந்திரத்தை ஊரார் உடைமையாக்கிய விதி மட்டும் கப்பல் ஏறவில்லை!

இங்கே வகுத்த விதி வேறு. 1990களில் காற்றாலை வாங்குவோர் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சலுகை அளித்தது. இலாபம் ஈட்டிய ஆலை முதலாளிகளும் வணிக நிறுவனங்களும் காற்றாலை நட்டனர். வரிச்சலுகை, எந்திரம் நட்டதற்குக் கிடைத்தது. எத்தனை யூனிட் மின்சாரம் தந்தது என்று அந்தச் சலுகை கேட்கவில்லை. ஆகவே காற்றை ஒழுங்காக அளக்காமல், எந்திரத்தை ஒழுங்காகப் பேணாமல் நட்டவர்களும் இருந்தனர். ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்வோம்: அந்தச் சலுகையால்தான் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் விரைந்து எழுந்தன, நம் நூற்பாலைகள் பல அந்த மின்சாரத்தில் ஓடின. ஆக்கிய யூனிட்டுக்கு 50 காசு என்று ஊக்கத்தொகை தரும் முறையை மத்திய அரசு 2009இல் கொண்டுவந்தபோது, பழைய பிழையும் ஓரளவு திருந்திற்று. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10 ஆயிரம் மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்தியே.

ஆனால் முப்பந்தல் சாலையில் பேருந்தில் செல்லும்போது சன்னல் வழியே பாருங்கள். வானம் மறையக் காற்றாலைகள். அவற்றின் நிழல் விழும் ஊர்களில், "இந்தக் காற்றாலை யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கோ உள்ள நிறுவனத்தின் பெயர் வரும். "உங்கள் ஊருடையது எது?" என்று கேட்டால்? நிலம் விற்றவன் ஒருமுறை பணம் பெற்றான். காற்றோ ஆண்டுதோறும் மே முதல் செப்டம்பர் வரை வந்து வந்து யாருக்கோ பொன் கொழித்துப் போகிறது.

"ஊரார் காற்றாலை நடத்துவதாவது! ஏட்டுச் சுரைக்காய்!" என்று ஏளனம் செய்வோருக்கு ஒரு விடை இருக்கிறது. கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை என்ற சிற்றூராட்சி, 2006இல், தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிற்று. தன் ஊரில் போதிய காற்று இல்லை. ஆகவே காற்று வீசும் உடுமலைப் பகுதியில் அதனை நிறுவிற்று. ஊரின் தேவைக்கு மேல் மின்சாரம் கிடைத்தது. மிகுந்ததை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தது. டென்மார்க் கதை தமிழ்நாட்டில் நடக்காது என்பவர் ஓடந்துறையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஒரு சிற்றூராட்சி செய்து காட்டியதை ஓராயிரம் ஊராட்சி செய்யாதிருப்பதன் காரணம், காற்றில் இல்லை. நம் கல்வியிலும் கொள்கையிலும் இருக்கிறது.

இதனை இன்று ஏன் எழுதுகிறேன்? காரணம் உண்டு. 1990களில் நட்ட எந்திரங்கள் முதுமையடைந்து விட்டன. நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்பவை அந்தச் சிறிய பழைய எந்திரங்களே. அவற்றை அகற்றிப் பெரியவற்றை நடுவதற்கும், பழையவற்றைப் புதுப்பிப்பதற்கும் வழிகூறும் கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு 2024இல் வெளியிட்டது. அதாவது, முப்பது ஆண்டுக்கு முன் முடிந்துபோன பங்கீடு மறுபடியும் தொடங்குகிறது. ஒருமுறை எழுதிய ஒப்பந்தம் இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு நிற்கும். இன்று பிறந்த குழந்தை வாக்களிக்கும் வயதைத் தாண்டிய பின்னும் இன்று நாம் எழுதும் விதிதான் ஆட்சி செய்யும். பந்தி போடும் நேரத்தில் உறங்கிவிட்டு, இலை எடுத்தபின் விழித்துப் பயன் என்ன?

ஆகவே தோழர்களே, உங்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன.

காற்றாலை உள்ள பகுதித் தோழர்கள் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: புதிய எந்திரம் வரும்போது இந்த ஊராட்சிக்கு அதில் பங்கு என்ன? டென்மார்க் 2008இல் ஒரு சட்டம் செய்து, புதிய காற்றாலைகளின் பங்கில் குறைந்தது நூற்றுக்கு இருபதை அருகில் வாழ்வோருக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும் என்று விதித்தது. அந்த முறை பின்னர் மாற்றப்பட்டது. ஆயினும் கேட்கத் தக்க கேள்வி எது என்பதை அது நமக்குக் காட்டுகிறது. ஊராட்சிக்குப் பங்கு, மகளிர் குழுக்களுக்குப் பங்கு, உழவர் கூட்டுறவுக்குப் பங்கு என்று கேட்பது பிச்சை அன்று. காற்று எவர் பாட்டன் சொத்தும் அன்று.

நகரத்துத் தோழர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களையும் பாலிடெக்னிக்குகளையும் பாருங்கள். காற்றாலை ஓங்கி நிற்கும் மாவட்டத்திலேயே அதனைப் பழுதுபார்க்கும் படிப்பு, அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கோபுரத்தின் உச்சியில் ஏறிப் பணிசெய்யும் இளைஞனுக்குக் கயிறு மட்டும் கொடுத்தால் போதாது. கலையும் கொடுக்க வேண்டும். இன்று பழுது பார்ப்பவன் நாளை வடிவமைப்பவன் ஆவதற்கு யூல் சான்று.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிப்பகத்தில் வாரம் ஓர் இரவு எரிசக்தி பற்றிப் படியுங்கள். யூனிட் என்றால் என்ன, மின்கட்டணம் எப்படி வகுக்கப்படுகிறது, காற்று ஓய்ந்த வேளையில் கைகொடுக்கும் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் எப்படி வேலை செய்கிறது, கூரைமீது சூரியத்தகடு வைத்தால் கணக்கு எப்படி வரும் என்று பேசுங்கள். மேடையில் முழங்குவதற்கு இது சுவையான பொருள் அன்று என்று சிலர் கருதலாம். அஸ்கோவில் படித்த உழவர் மக்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

தோற்ற நாடு பள்ளி கட்டிற்று. பள்ளி கைத்தேர்ச்சி தந்தது. தேர்ந்த கைகள் காற்றாலை செய்தன. விழிப்புற்ற மக்கள் சட்டத்தைத் தமக்குச் சார்பாக எழுதச் செய்தனர். இந்த வரிசையில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பிடித்தால், எந்திரம் சுழலும், ஊர் அப்படியே கிடக்கும்.

மே மாதம் பிறந்தால் கணவாயில் காற்று எழும்பிவிடும். அது யாரையும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. யாருக்காக வீச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். அந்த மனிதர்களின் வரிசையில் நீங்களும் நிற்கிறீர்களா என்பதே இந்த ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.